கப்பல் வாங்கிய வக்கீல்

சென்னையில் பெரம்பூரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ரெயில்வே பட்டறைகள் உள்ள ஊர். பக்கத்திலேயே பெரிய பஞ்சாலை இருந்தது. விடியற்காலையில் சங்கு ஊதினால், தூக்குச் சட்டியோடு தொழிலாளர்கள் சாரை சாரையாகக் கிளம்புவார்கள்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் பெரம்பூரில் ஒரு சாதாரண வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. குடும்பத் தலைவருக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. செக்கு இழுத்துத் தேய்ந்த உடம்பு. மனைவி, குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும். கையில் காசு இல்லை. மளிகை வியாபாரம் செய்து பார்த்தார். அதிலும் லாபம் இல்லை.

பத்து வருடங்களுக்கு முன்பு அதே மனிதர் இரண்டு கப்பல்களை வாங்கியவர்! வெள்ளைக்காரக் கம்பெனியைக் கலங்க அடித்தவர்!

அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழன் என்று நாடு புகழும் வ.உ.சி.

கப்பல் ஓட்டினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், எப்படிப்பட்ட கப்பலை வாங்கினார்? வாடகைக் கப்பல் போதாது, சொந்தக் கப்பல்தான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடித்தார்? அந்தக் கதை சுவையானது. கண்ணீரும் கலந்தது.

ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிதம்பரம் பிறந்தார். தந்தையார் பெயர் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். தந்தையார் வக்கீல். மகனும் சட்டம் படித்து வக்கீல் ஆனார். ஏழைகளுக்காகப் பணம் வாங்காமல் வாதாடினார்.

1900-ம் ஆண்டில் தொழிலைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார். கடற்கரை ஊர். முத்துக்கும் உப்புக்கும் பேர் பெற்ற ஊர். அங்கேதான் அவர் கண்ணில் கப்பல் பட்டது.

தூத்துக்குடிக்கு 1876-ம் ஆண்டிலேயே ரெயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து கொழும்பு செல்கிறவர்கள் ரெயிலில் தூத்துக்குடிக்கு வருவார்கள். அங்கிருந்து கப்பல் ஏறுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போகும் கூலித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் போவார்கள், வருவார்கள். கொழும்பில் கடை வைத்திருக்கும் வியாபாரிகளும் போவார்கள். அரிசி மூட்டைகளும் துணிப் பொதிகளும் போகும்.

ஏறுகிறவர்கள் தமிழர்கள். ஏற்றுகிறவர்கள் தமிழர்கள். சரக்கும் தமிழருடையது. ஆனால் கப்பல் மட்டும் வெள்ளைக்காரருடையது!

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்பது அதன் பெயர். இந்தியக் கடல்களில் அதன் கப்பல்கள்தான் எங்கும் ஓடின. தூத்துக்குடி - கொழும்பு வழியும் அதன் பிடியில் இருந்தது. அது கேட்டதுதான் கட்டணம்.

1905-ம் ஆண்டு வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாடெங்கும் சுதேசி இயக்கம் பரவியது. அன்னியத் துணி வேண்டாம், நம் நாட்டுத் துணியை உடுத்துவோம் என்று மக்கள் கிளம்பினார்கள். சிதம்பரம் பிள்ளை ஒரு படி மேலே போனார். துணி மட்டும் சுதேசியாக இருந்தால் போதுமா? அதை ஏற்றிச் செல்லும் கப்பலும் சுதேசியாக இருக்க வேண்டாமா? அதுதான் அவர் எண்ணம்.

ரூ.25-க்கு ஒரு பங்கு

1906-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40 ஆயிரம் பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் விலை 25 ரூபாய்.

பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர் ஆனார். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட வள்ளல் அவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் 8 ஆயிரம் பங்குகளை வாங்கிக்கொண்டார். அதாவது, 2 லட்சம் ரூபாய்! பவுன் விலை பதினைந்து ரூபாய்க்குள் இருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை எண்ணிப் பார்க்கலாம். சிதம்பரம் பிள்ளை துணைச் செயலாளர். பதவி துணைதான். ஓடியதும் அலைந்ததும் அவர்தான். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை இந்த முயற்சிக்குப் பக்கபலமாக நின்றது.

கம்பெனி பிறந்துவிட்டது. ஆனால் கப்பல் இல்லை!

காலை வாரிய வாடகை

பம்பாயில் ஷாலைன் என்ற கப்பல் கம்பெனி இருந்தது. அதனிடம் கப்பலை வாடகைக்குப் பேசினார்கள். கப்பல் ஓடத் தொடங்கியது. மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள்.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? ஷாலைன் கம்பெனியை நெருக்கியது. அந்தக் கம்பெனி பயந்துபோய்க் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயணிகளுக்கு என்ன பதில் சொல்வது? சரக்கு கொடுத்த வியாபாரிகளுக்கு என்ன சமாதானம் சொல்வது?

சிதம்பரம் பிள்ளை சோர்ந்துவிடவில்லை. இலங்கையிலிருந்து ஒரு பெரிய சரக்குக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி நிலைமையைச் சமாளித்தார்.

ஆனால், அந்த நாட்களில் அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். வாடகை வீட்டுக்காரன், வீட்டுச் சொந்தக்காரன் வெளியே போ என்றால் போக வேண்டியதுதான். வாடகைக் கப்பலும் அப்படித்தான். சொந்தக்காரன் மனம் மாறினால் நடுக்கடலில் விட்டதுபோல் ஆகிவிடும். அது மட்டுமல்ல. கப்பல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை கொடுத்தாக வேண்டும். கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போடவும் முடியாது.

சொந்தக் கப்பல் வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தார்.

எந்தக் கப்பல் ஏற்றது?

கப்பல் வாங்குவது மாடு வாங்குவதுபோல அல்ல. மாட்டுக்கு இருப்பதுபோலவே கப்பலுக்கும் சுழி உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எந்தக் கடலில் ஓடப் போகிறது, யார் ஏறப் போகிறார்கள், எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வெகு தூரம் அல்ல. மாலையில் புறப்பட்டால் மறுநாள் கொழும்பு. ஓரிரவுப் பயணம். இதற்கு லண்டன் போகும் ராட்சதக் கப்பல் எதற்கு? பெரிய கப்பல் நிறைய நிலக்கரியைத் தின்னும். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கொதிகலனுக்குக் கரி போட்டாக வேண்டும்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. இன்று தூத்துக்குடியில் ஆழமான துறைமுகம் இருக்கிறது. அன்று அது இல்லை. கரை ஓரத்தில் கடல் ஆழம் குறைவு. ஆகவே நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. சில மைல் தள்ளி, கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகளும் மூட்டைகளும் படகிலும் தோணியிலும் போய்க் கப்பலில் ஏற வேண்டும். கப்பல் பெரிதாக ஆக ஆக, அதற்கு வேண்டிய ஆழமும் அதிகம்.

அதற்காக மிகச் சிறிய கப்பலையும் வாங்க முடியாது. ஏறப் போகிறவர்கள் ஏழைகள். துரைமார்கள் அல்ல. மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளை குட்டிகளோடும் வருகிறவர்கள். அவர்கள் உட்காரவும் படுக்கவும் இடம் வேண்டும். கீழே சரக்கு ஏற்றவும் இடம் வேண்டும். சரக்குக் கூலிதான் கம்பெனிக்குக் கைகொடுக்கும்.

ஆக, அளவில் அடக்கமாக இருக்க வேண்டும். உள்ளே இடம் தாராளமாக இருக்க வேண்டும். கரி குறைவாகத் தின்ன வேண்டும். ஆள் நிறைய ஏற்ற வேண்டும். அதுதான் இந்தக் கடலுக்கு ஏற்ற கப்பல்.

ஒரே ஒரு கப்பலும் போதாது. ஒன்று கொழும்பில் இருக்கும்போது மற்றொன்று தூத்துக்குடியில் இருக்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று ஓட வேண்டும். இல்லாவிட்டால் வியாபாரிகள் நம்பிச் சரக்கு கொடுக்கமாட்டார்கள்.

பம்பாய்ப் பயணம்

சிதம்பரம் பிள்ளை பம்பாய் புறப்பட்டார். அந்த நேரத்தில் வீட்டில் மகன் உலகநாதன் நோயுற்றுப் படுத்திருந்தான். மனைவி மீனாட்சி அம்மாள் கருவுற்றிருந்தார். போக வேண்டாம் என்று வேண்டியவர்களெல்லாம் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. குழந்தையை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று கிளம்பிவிட்டார். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன்; இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சபதம் செய்தார்.

ஊர் ஊராகச் சென்றார். பங்குகளை விற்றார். பணம் திரட்டினார். கடைசியில் காலியா என்ற கப்பல் கிடைத்தது. எஸ்.வேதமூர்த்தி முதலியார் ஐரோப்பா சென்று, பிரான்சிலிருந்து லாவோ என்ற கப்பலை வாங்கினார்.

இந்தக் கப்பல்களின் கணக்கு வரலாற்று நூல்களில் இருக்கிறது. ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேர் போகலாம். இரண்டாம் வகுப்பில் 24 பேர் போகலாம். சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம்! அதோடு 4 ஆயிரம் மூட்டை சரக்கும் ஏற்றலாம்.

கணக்கைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மேல் வகுப்பு இரண்டும் சேர்ந்து 66 பேருக்குத்தான் இடம். சாதாரண மக்களுக்கோ 1,300 இடம்! இந்தக் கப்பல்கள் யாருக்காக வாங்கப்பட்டன என்பதை அந்த எண்களே சொல்லும்.

கப்பல் வந்தது!

1907-ம் ஆண்டு மே மாதம் காலியா தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே லாவோவும் வந்தது. ஊர் மக்கள் கடற்கரைக்கு ஓடினார்கள். நம்முடைய கப்பல் என்று குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள்.

தூத்துக்குடியில் கட்டணப் போர் மூண்டது.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்கு ஒரே ஒரு ரூபாய் என்று அறிவித்தது. சுதேசிக் கம்பெனி அதிலும் பாதியாக எட்டணா என்றது. வெள்ளைக்காரக் கம்பெனி கடைசி அம்பையும் விட்டது. கட்டணமே வேண்டாம், இலவசமாக வரலாம் என்றது. அதோடு ஆளுக்கு ஒரு குடையும் இனாம் என்றது!

பணம் படைத்த கம்பெனி அது. பல கடல்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை ஓட்டியது. தூத்துக்குடியில் நஷ்டம் வந்தால் ரங்கூனில் சரிக்கட்டிக்கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ இரண்டே கப்பல்கள். இருந்தும் தேசப்பற்றுள்ளவர்கள் இலவசத்தை உதறிவிட்டு எட்டணா கொடுத்து ஏறினார்கள். ஆனால் எல்லோராலும் அப்படி இருக்க முடியுமா? பிழைக்கப் போகும் ஏழைக்கு எட்டணாவும் பெரிய பணம்தானே!

சில நாட்களில் காலியாவும் லாவோவும் பாதி காலியாகவே ஓடின. கரிச் செலவு மட்டும் குறையவில்லை.

சிறைக் கதவு

இதற்கிடையில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை நேரம் அதிகம், கூலி குறைவு, விடுமுறை இல்லை என்பது அவர்கள் குறை. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிலாளர்கள் வெற்றி பெற்றார்கள்.

ஆட்சியாளர்களுக்கு ஆத்திரம் பொங்கியது. கப்பலிலும் தொல்லை, ஆலையிலும் தொல்லை! மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீசார் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள்.

ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு கூறினார். சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை! மொத்தம் 40 ஆண்டு! அதைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனம் பேதலித்துவிட்டது. கடைசி வரை அவருக்குச் சித்தம் தெளியவே இல்லை. மேல் முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

கோவைச் சிறை. மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதர் இழுத்தார். கால்களில் விலங்கு. பிறகு கண்ணனூர்ச் சிறை. அந்தக் கொடுமைக்கு நடுவிலும் அவர் எழுதுவதை விடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழில் தந்தார்.

வெளியே கம்பெனி தள்ளாடியது. தலைவன் இல்லாத வீடு ஆயிற்று. பங்குதாரர்கள் பயந்தார்கள். 1911-ம் ஆண்டு கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலை விற்றார்கள். யாரிடம் தெரியுமா? எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கினாரோ, அதே வெள்ளைக்காரக் கம்பெனியிடம்!

சிறையில் இந்தச் செய்தி எட்டியது. நாற்பது ஆண்டுத் தண்டனைக்குக் கலங்காதவர், இதைக் கேட்டுக் கலங்கினார்.

பெரம்பூர் வாழ்க்கை

1912-ம் ஆண்டு டிசம்பரில் விடுதலை. கைதானபோது ஊரே கொந்தளித்தது. விடுதலை ஆனபோது வாசலில் சுப்பிரமணிய சிவா முதலிய மிகச் சிலரே நின்றார்கள். சிவாவையும் சிறையில் தொழுநோய் பற்றியிருந்தது.

சொந்த மாவட்டத்துக்குப் போக முடியவில்லை. வக்கீல் சன்னது பறிபோய்விட்டது. ஆகவே குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று மாறி மாறி வசித்தார்.

லட்சக்கணக்கில் பங்கு திரட்டியவர், வீட்டுச் செலவுக்குத் திண்டாடினார். திலகர் மாதந்தோறும் பணம் அனுப்பி உதவினார். தென் ஆப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். அதுபற்றி இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1916-ம் ஆண்டு அந்தப் பணம் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா!

இவ்வளவு வறுமையிலும் அவர் தமிழை மறக்கவில்லை. வீட்டில் திருக்குறள் பாடம் நடந்தது. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையை ஏட்டிலிருந்து எடுத்து 1917-ம் ஆண்டு பதிப்பித்தார். புதுச்சேரியை விட்டு வந்த பிறகு பாரதியாரும் பெரம்பூர் வீட்டுக்கு வந்து அவரைக் கண்டார். ஒருவர் கப்பலை இழந்தவர். ஒருவர் பத்திரிகையை இழந்தவர். இருவருக்கும் பழைய நட்பு மட்டும் மிச்சம்.

பெரம்பூர்ப் பக்கம் தொழிலாளர் எழுச்சியும் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதை நடத்தினார்கள். பத்து ஆண்டுக்கு முன்பே தூத்துக்குடியில் வேலைநிறுத்தம் நடத்தி வென்ற சிதம்பரம் பிள்ளையும் தொழிலாளர் பக்கமே நின்றார்.

பெரம்பூரிலிருந்து துறைமுகம் சில மைல்தான். ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் கப்பல்கள் அங்கே நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைக்காரருடையவை.

கடல்வழியும் மாறிவிட்டது. 1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து கொழும்பு செல்கிறவர்கள் தூத்துக்குடிக்குப் போகாமல் தனுஷ்கோடிக்குப் போகத் தொடங்கினார்கள்.

கடைசிக் கணக்கு

பின்னர் கோவைக்குச் சென்றார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவியால் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத சிதம்பரம் பிள்ளை, தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியை வெறுத்தவர், வெள்ளைக்காரர் ஒருவர் செய்த நன்மையை மறக்கவில்லை! கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். கடைசியில் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கியைக்கூடக் குறித்து வைத்திருந்தார். பிறர் பணம் ஒரு காசும் தம்மிடம் நின்றுவிடக் கூடாது என்ற நேர்மை!

ம.பொ.சி. அவர் வரலாற்றை எழுதி, 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பெயரை நாட்டில் நிலைக்கச் செய்தார். அதே பெயரில் 1961-ம் ஆண்டு படம் வந்தது. சிவாஜி கணேசன் செக்கிழுத்த காட்சியைக் கண்டு அழாதவர்கள் இல்லை. 2011-ம் ஆண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்கே வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது. சென்னைத் துறைமுக வளாகத்திலும் அவர் சிலை நிற்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் 5-ந் தேதியும் அதற்கு மாலை விழுகிறது.

தூத்துக்குடித் தோணிகள் இன்றும் கடலில் போகின்றன. முன்பு பாய் விரித்துக் காற்றை நம்பிப் போனவை, இப்போது மோட்டார் பூட்டிக்கொண்டு மாலத் தீவுக்கும் லட்சத் தீவுக்கும் சரக்கு ஏற்றிச் செல்கின்றன. அவை நம்மவர் தோணிகள்.

காலியா இல்லை. லாவோ இல்லை. கம்பெனியும் இல்லை. வெறும் நான்காண்டில் முடிந்துபோன வியாபாரம் என்று சிலர் சொல்லலாம். ஆனால், அந்த 1,300 இடங்களில் எட்டணா கொடுத்து உட்கார்ந்து போன ஏழைகள், வாழ்நாளில் முதல் தடவையாகத் தங்களுடைய கப்பலில் பயணம் செய்தார்கள். அதைக் கொடுத்தவர், பெரம்பூரில் அரிசிக்குக் கடன் சொல்லி வாழ்ந்தார்.